வேதாகமத்து மரங்களும் அவற்றின் சாட்சிகளும்

சாலமோன் அரசர் லீபான் மலையின் கேதுரு மரம் முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்புப் பூண்டு வரையில் மரஞ்செடிகளைக் குறித்துப் பேசினார் என்று அரசர் முதல் ஆகமத்தில் வாசிக்கிறோம். வேதாகமத்தின் முதல் ஏடுகளிலே ஒரு தோட்டமும், கடைசி ஏட்டிலே ஜீவிய விருட்சமும், நடுவிலே நம் ஆண்டவர் மரித்த சிலுவை மரமும் நிற்கின்றன. ஆகவே வேதாகமத்தை வாசிக்கிறவன் மரங்களின் நடுவே நடக்கிறவன் ஆகிறான்.

ஆயினும் நம் வீடுகளில் ஒரு சங்கடம் எழுவதுண்டு. இரவில் ஜெபமாலை முடிந்தபின் பிள்ளைகள் ஆளுக்கொரு வேதாகமத்தை எடுத்து ஒரே அதிகாரத்தை வாசிக்கிறார்கள். ஒரு மொழிபெயர்ப்பில் ஒரு மரம் இருக்கிறது. மற்றொன்றில் வேறு மரம் இருக்கிறது. ஆங்கில வேதாகமத்தைப் புரட்டினாலோ மூன்றாவது மரம் ஒன்று வந்து நிற்கிறது. "இவற்றில் எது மெய்? ஒன்று மெய்யானால் மற்றது பொய்யா?" என்று பிள்ளை கேட்கிறது. பெற்றோர் என்ன விடை சொல்வது? அதை அறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

ஒரு செடியால் வந்த கலகம்

இக்கேள்வி புதியதன்று. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன்பே இதனால் ஒரு கோவிலில் கலகம் மூண்டது. வட ஆப்பிரிக்காவில் ஓயா என்றொரு நகரம் இருந்தது. இன்று லிபியா நாட்டின் தலைநகரமாய் விளங்கும் திரிப்போலி அதுவே. அந்நகரத்து மேற்றிராணியார், அர்ச். எரோணிமுஸ் எபிரேய மூலத்தினின்று புதிதாய்ச் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பைத் தம் கோவிலில் வாசிக்கச் செய்தார். அன்று வாசிக்கப்பட்டது யோனாஸ் தீர்க்கதரிசியின் ஆகமம்.

நினிவே நகருக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்த யோனாஸுக்கு நிழல் தரும்படி சர்வேசுரன் ஒரு செடியை முளைப்பித்தார் அல்லவா? ஜனங்கள் பரம்பரையாய்க் கேட்டுவந்த பழைய மொழிபெயர்ப்பில் அது சுரைக்கொடி. உரோமையின் கல்லறைச் சுரங்கங்களில் முற்காலக் கிறிஸ்தவர்கள் வரைந்த சித்திரங்களிலும் யோனாஸ் சுரைக்காய் தொங்கும் பந்தலின் கீழேயே படுத்திருக்கிறார். புதிய ஏட்டிலோ சுரை இல்லை. ஐவி என்னும் படர்கொடி இருந்தது. இதைக் கேட்டதும் ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். வேதத்தைப் புரட்டிவிட்டார்கள் என்று கிரேக்கர்கள் முன்னின்று கூச்சலிட்டார்கள். மேற்றிராணியார் அவ்வூர் யூதர்களை விசாரித்தார். அவர்களும் பழைய சொல்லே சரி என்றார்கள். தம் மந்தை தம்மை விட்டுப் போய்விடுமோ என்று அஞ்சிய அவர், புதிய சொல்லை நீக்கிப் பழையதையே வைத்தார். அர்ச். அகுஸ்தீன் 403-ம் ஆண்டில் எழுதிய கடிதம் ஒன்றில் இச்செய்தியை எரோணிமுசுக்குத் தெரிவித்தார்.

எரோணிமுஸ் பெத்லேகேமில் வாழ்ந்தவர்; அந்நாட்டுச் செடிகளைக் கண்ணால் கண்டவர். அவர் தந்த விளக்கம் இது. எபிரேய மூலத்தில் உள்ள சொல் "கீக்காயோன்." அது திராட்சை இலை போல் அகன்ற இலையுடையது, நட்டால் விரைவில் சிறு மரமாய் எழும்பும், சுரையைப்போலவும் ஐவியைப்போலவும் கொம்பையோ பந்தலையோ பற்றாமல் தன் தண்டின்மேல் தானே நிற்கும். இலத்தீனில் இதற்கு ஏற்ற பெயர் கிடைக்கவில்லை. எபிரேயச் சொல்லை அப்படியே வைத்தால் ஒருவருக்கும் விளங்காது. சுரை என்றால் மூலத்தில் இல்லாததைச் சொன்னதாய் முடியும். ஆகவே தமக்கு முன் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்களைப் பின்பற்றி ஐவி என்று எழுதினார்.

தமிழ்நாட்டு வாசகர்களே, அவர் சொன்ன அடையாளங்களை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். அகன்று கைபோல் விரிந்த இலை, விரைந்த வளர்ச்சி, தானே நிற்கும் மெல்லிய தண்டு. நம் கொல்லையிலும் வேலியோரத்திலும் நிற்கும் ஆமணக்குச் செடி கண்முன் வரவில்லையா? இலத்தீன் மொழியில் பெயர் தேடி எரோணிமுஸ் பட்ட கஷ்டம் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இல்லாது போயிற்று. யோனாஸின் செடி ஆமணக்கே என்று இன்று அறிஞர்களில் பெரும்பாலோர் கொள்கின்றனர்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது மற்றொன்றும் உண்டு. யோனாஸ் ஒரு செடி பட்டுப்போனதற்காக மனம் நொந்தார். ஆனால் 1,20,000-க்கு மேற்பட்ட ஆத்துமங்கள் அழியாமல் தப்பியதற்காக மகிழவில்லை. ஒரு செடியின்மேல் உனக்கு இத்தனை இரக்கமானால், இந்த மகா நகரத்தின்மேல் நான் இரங்கக் கூடாதா என்பதே ஆண்டவர் அவரைக் கேட்ட கேள்வியின் கருத்து. ஓயா நகரத்தார் அந்த அதிகாரத்தைக் கேட்டுவிட்டு, செடியைப் பற்றியே சண்டையிட்டார்கள்! மரங்களின் பெயரை ஆராயும்போது நாமும் அக்கண்ணியில் விழாதிருக்கவேண்டும்.

நான்கு சாட்சிகள்

அப்படியானால் ஒரு மரத்தை அடையாளம் காண்பது எப்படி? இரண்டு மூன்று சாட்சிகளின் வாக்கினாலே காரியம் நிலைப்படவேண்டும் என்பது மோயீசன் மூலம் தரப்பட்ட சட்டம். மரங்களின் காரியத்திலும் இவ்விதி நமக்கு உதவும். அறிஞர்கள் அழைக்கும் சாட்சிகள் நான்கு.

முதலாவது, பெயர். எபிரேயப் பெயருக்கு உறவான பெயர் அரபு, சீரியம், எகிப்து முதலிய மொழிகளில் எந்த மரத்துக்கு வழங்குகிறது என்று பார்ப்பது.

இரண்டாவது, நிலம். வேதாகமம் குறிக்கும் இடத்தில் அம்மரம் வளரக்கூடுமா என்று பார்ப்பது.

மூன்றாவது, தொழில். அந்த வசனத்தில் மரம் என்ன செய்கிறது, மனிதர் அதைக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது.

நான்காவது, பழைய சான்றுகள். முற்கால மொழிபெயர்ப்பாளர்கள் அதை எவ்வாறு விளங்கிக்கொண்டார்கள் என்றும், பூமியைத் தோண்டியபோது கிடைத்த மரத்துண்டும் விதையும் என்ன சொல்கின்றன என்றும் பார்ப்பது.

ஆமணக்கையே இச்சாட்சிகளின் முன் நிறுத்துவோம். கி.மு. 5-ம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கராகிய ஹெரோதோத்துஸ், எகிப்தியர் ஆமணக்கெண்ணெயைக் "கீக்கி" என்று அழைத்தார்கள் என எழுதினார். யூதர்களின் பழைய சட்டநூலான மிஷ்னாவும் "கீக்" எண்ணெய் என்றொன்றைக் குறிக்கிறது. இது பெயரின் சாட்சி. அது வெப்ப நாடுகளில் எங்கும் வளரும். இது நிலத்தின் சாட்சி. அகன்ற இலையால் நிழல் தரும். தண்டு மென்மையானதால் பூச்சி அரித்தால் சாயும். இது தொழிலின் சாட்சி. எரோணிமுஸ் கண்ணால் கண்டு எழுதியது நான்காம் சாட்சி. செடி ஆமணக்கானாலும், அதை ஒரே இரவில் எழுப்பியது சர்வேசுரனுடைய வல்லமையே என்பதை மறவாதிருப்போமாக.

எலியாஸ் படுத்த நிழல்

ஜெசபேல் அரசிக்குத் தப்பி ஓடிய எலியாஸ் தீர்க்கதரிசி பாலைவனத்தில் ஒரு செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்ற கருத்தில் மன்றாடினார். இலத்தீன் வேதாகமத்திலும் பழைய ஆங்கில வேதாகமத்திலும் அது ஜூனிப்பர் என்னும் ஊசியிலை மரம். தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றில் சூரைச்செடி. எபிரேயத்திலோ "ரோத்தெம்."

அரபு மக்கள் இன்றும் அப்பாலைவனத்தில் "ரத்தம்" என்று அழைக்கும் புதர் ஒன்று உண்டு. தாவர நூலார் அதற்கு ரெத்தமா என்று பெயர் வைத்ததும் அந்த அரபுச் சொல்லைக்கொண்டே. அது மெல்லிய குச்சிகள் நிறைந்த புதர், இலை மிகக் குறைவு, முள் கிடையாது, சிறு வெண்பூக்கள் பூக்கும். நம் சூரை முள்ளுள்ள கொடிப்புதர். ஆகவே இரண்டும் ஒன்றல்ல. ரோத்தெம் வேரும் கட்டையும் நல்ல கரியாகும். அதன் தணல் நெடுநேரம் கனன்று நிற்கும். வஞ்சக நாவுக்குத் தண்டனையாக ரோத்தெம் கரியின் தணலைச் சங்கீத ஆசிரியர் குறிப்பிடுவதும் இதனாலேயே. பெயர், நிலம், தொழில் ஆகிய மூன்று சாட்சிகளும் இங்கே ஒத்துப்போகின்றன.

செடியை அறிந்தபின் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள். எலியாஸ் பெரிய மரத்தின் குளிர்ந்த நிழலில் இளைப்பாறவில்லை. உச்சிவெயிலில், நிழல் என்று சொல்லவும் தகாத அற்ப நிழலில், ஒரு புதரின் அடியில் ஒடுங்கிக்கிடந்தார். அங்கேதான் சம்மனசு வந்து அவரைத் தட்டியெழுப்பி, தணலில் சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் கொடுத்தார். மனுஷர் உதவி அற்றுப்போன இடத்தில் தேவ உதவி வந்தது என்பதை அந்தப் புதரே நமக்குப் பிரசங்கிக்கிறது.

பெட்டகத்தின் மரம்

சீனாய் மலையடியில் மோயீசனுக்குக் கட்டளையிடப்பட்ட வாக்குத்தத்தப் பெட்டகம் இரண்டரை முழ நீளமும் ஒன்றரை முழ அகலமும் ஒன்றரை முழ உயரமும் உடையது. முழத்தை ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் என்று கொண்டால் நீளம் 110 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அதைச் செய்யவேண்டிய மரம் "ஷித்தீம்." மொழிபெயர்ப்பாளர் பலர் அச்சொல்லை என்ன செய்வதென்று அறியாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். இலத்தீனில் "செத்தீம்" என்றும், தமிழில் "சீத்திம்" என்றும் அது நிற்பது இதனால்தான். கிறிஸ்து பிறப்பதற்கு முன் எகிப்தில் கிரேக்க மொழிபெயர்ப்பைத் தொடங்கிய எழுபதின்மர், பெயரை விட்டு குணத்தைச் சொல்லி, "அழுகாத மரம்" என்று எழுதினார்கள்.

எகிப்திய மொழியிலும் அரபிலும் இதற்கு உறவான பெயர்கள் வேல மரத்தைக் குறிக்கின்றன. சீனாய்ப் பாலைவனத்தில் வறண்ட காட்டாற்றுப் படுகைகளில் பலகைக்கு உதவும் மரம் என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் வேலமே. அதன் வேர் ஆழமாய் இறங்கும், கட்டை கடினமானது, பூச்சி எளிதில் அரிக்காது. ஆகவே சீத்திம் என்பது வேல மரத்தின் ஓர் இனம் என்பதில் அறிஞருக்குள் பெரிய வேற்றுமை இல்லை. திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளில் குடை விரித்தாற்போல் நிற்கும் உடை மரத்தைக் கண்டவர்கள் அதன் சாயலை எளிதில் ஊகிப்பார்கள். ஆனால் நம் கண்மாய்களில் பரவியிருக்கும் சீமைக் கருவேலை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அமெரிக்கக் கண்டத்தினின்று வந்த வேறு இனம்.

இதன் பொருள் என்ன? சர்வேசுரன் தமது பெட்டகத்துக்காக லீபானின் விலையுயர்ந்த கேதுருவைக் கேட்கவில்லை. ஜனங்கள் நின்ற பாலைவனத்தில் என்ன மரம் இருந்ததோ அதையே கேட்டார். ஆடுமாடுகள் மேயும் முள்மரத்தை வெட்டிப் பலகையாக்கி, உள்ளும் புறமும் பொன்னால் மூடச் செய்தார். தேவமாதாவின் பிரார்த்தனையில் அன்னையை வாக்குத்தத்தத்தின் பெட்டகம் என்று அழைக்கும்போது, நசரேத்தின் எளிய கன்னிகையைத் தேவ வரப்பிரசாதம் எவ்வாறு அலங்கரித்தது என்பதற்கு இம்மரத்தை நினைத்துக்கொள்வது தகும்.

ஆமோஸின் அத்தியும் சக்கேயுவின் அத்தியும்

ஆமோஸ் தீர்க்கதரிசி தம்மைப் பற்றிச் சொல்லும்போது, தாம் தீர்க்கதரிசியின் மகனல்லவென்றும், மந்தை மேய்த்து "ஷிக்மா" மரத்தில் வேலை செய்கிறவரென்றும் கூறுகிறார். புதிய ஏற்பாட்டில் சக்கேயு சேசுநாதரைக் காண ஏறியதும் இதே இன மரத்தில்தான். கிரேக்கத்தில் இதற்கு "சிக்கோமோர்" என்னும் பெயர். இங்கிலாந்தில் அப்பெயர் மேப்பிள் இன மரம் ஒன்றுக்கும், அமெரிக்காவில் இன்னொரு மரத்துக்கும் வழங்குவதால், ஆங்கிலத்தில் வாசிப்போர் பலர் ஏமாந்துபோகிறார்கள். வேதாகமத்தின் மரம் அவ்விரண்டும் அல்ல. அது ஓர் அத்தி இனம். தமிழில் காட்டத்தி என்று மொழிபெயர்த்தது பொருத்தமே.

யூதேயாவில் அத்தி இரண்டு வகை. ஒன்று இனிப்பான சீமை அத்தி. சேசுநாதர் உவமையில் சொன்ன அத்தி இதுவே. அது சிறிய மரம். குளிர்காலத்தில் இலை உதிர்க்கும். மற்றது இந்தக் காட்டத்தி. பருத்த அடிமரம், தாழ்ந்து படரும் கிளைகள், அடிமரத்திலும் கிளைகளிலும் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். ஆற்றங்கரைகளில் நாம் காணும் அத்தியும் அவ்வாறே காய்ப்பதால், சீமை அத்தியைவிட நம் நாட்டு அத்தியே சக்கேயுவின் மரத்துக்குச் சாயலில் நெருங்கியது. குள்ளனாகிய சக்கேயு ஓடிப்போய் ஏறுவதற்குத் தாழ்ந்த கிளை வேண்டும் அல்லவா? கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 250 மீட்டர் தாழ்ந்த வெப்பமான எரிக்கோவில் அம்மரம் செழித்து வளரும். நிலமும் தொழிலும் சாட்சி சொல்கின்றன.

ஆமோஸ் அம்மரத்தில் என்ன வேலை செய்தார்? எபிரேயச் சொல் அரிய சொல். பழத்தைப் பறித்தல் என்று சிலரும், பொறுக்குதல் என்று சிலரும் மொழிபெயர்த்தார்கள். எழுபதின்மர் மாத்திரம் கீறுதல் என்னும் பொருளில் எழுதினார்கள். அவர்கள் எகிப்தில் இருந்தவர்கள். அங்கே அவ்வேலையைக் கண்ணால் பார்த்திருக்கக்கூடும். கிரேக்க அறிஞர் தெயோபிராஸ்து, இந்தக் காய்களை இரும்பு நகத்தால் கீறினாலன்றிப் பழுக்கா என்றும், கீறிய நான்காம் நாளில் பழுக்கும் என்றும் எழுதிவைத்தார். காயத்தினால் காயில் எத்திலீன் என்னும் வாயு உண்டாகி அதைப் பழுக்கச் செய்கிறது என்று இக்கால விஞ்ஞானிகள் இதன் காரணத்தைக் கண்டறிந்தார்கள்.

இன்னும் ஒன்று. ஆமோஸின் ஊராகிய தெக்கோவா மலைமேல் உள்ளது. காட்டத்தி குளிர் தாங்காது, பள்ளநாட்டில்தான் வளரும். ஆகையால் காய்க்கும் பருவத்தில் அவர் மலையிறங்கி வந்து, மரமேறி, ஒவ்வொரு காயாய்க் கீறி உழைத்தார் என்று எண்ண இடமுண்டு. அப்பழமோ ஏழைகளின் ஆகாரம். தந்தக் கட்டில்களில் படுத்து, எளியவர்களை ஒரு சோடு பாதரட்சைக்கு விற்றவர்களை அவர் கடிந்து பேசியபோது, அந்த வார்த்தையின் பின்னால் எத்தகைய கைகள் இருந்தன என்பதை மரம் நமக்குக் காட்டுகிறது.

ஒரே பெயர், இரண்டு மரம்

எல்லாக் காரியமும் இவ்வளவு எளிதாய் முடிவதில்லை. அப்சலோன் கோவேறு கழுதையின்மேல் போகையில் அவன் தலை சிக்கிக்கொண்ட மரம் "ஏலா." தாவீது கோலியாத்தை வீழ்த்திய பள்ளத்தாக்குக்கும் அதே பெயர். சில மொழிபெயர்ப்புகளில் இது கர்வாலி, அதாவது ஓக் மரம். சிலவற்றில் தெரெபிந்து, அதாவது நாம் உண்ணும் பிஸ்தாவுக்கு உறவான மரம்.

குழப்பத்துக்குக் காரணம் எபிரேய எழுத்தே. பழங்காலத்தில் மெய்யெழுத்துக்களை மாத்திரமே எழுதினார்கள். உயிர்க்குறிகள் ஏறத்தாழ கி.பி. 7-ம் நூற்றாண்டு முதல் 10-ம் நூற்றாண்டு வரையில் யூத அறிஞர்களால் சேர்க்கப்பட்டவை. குறியில்லாமல் எழுதினால் "ஏலா" என்பதும் "அல்லா" என்பதும் ஒன்றுபோலவே இருக்கும். ஆயினும் இசையாஸ் ஆகமம் 6-ம் அதிகாரத்தில் ஏலா, அல்லோன் ஆகிய இரண்டும் அடுத்தடுத்து நிற்பதால், அவை இரண்டு வெவ்வேறு மரங்கள் என்பது தெளிவு. ஏலா தெரெபிந்து, அல்லோன் ஓக் என்று இன்று பலர் கொள்கின்றனர். அப்சலோனின் மரம் எதுவாயினும், தகப்பனுக்கு விரோதமாய் எழும்பிய மகனுடைய முடிவும், அவனுக்காக அழுத தகப்பனுடைய அன்பும் மாறுவதில்லை.

கேதுரு மரமும் இத்தகையதே. தேவாலயம் கட்டச் சாலமோன் தீர் நாட்டு ஈராம் அரசனிடமிருந்து வருவித்தது லீபான் மலையின் கேதுரு என்பதில் ஐயமில்லை. இமயமலையின் தேவதாரு அதற்கு உடன்பிறந்த இனம். 1954-ம் ஆண்டில் எகிப்தின் பெரிய பிரமிடின் அருகே கண்டெடுக்கப்பட்ட, 43 மீட்டருக்கு மேல் நீளமுள்ள படகு பெரும்பாலும் லீபான் கேதுருவால் ஆனது. சாலமோனுக்கு ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்பே அம்மரத்தைக் கடல்வழியாய்க் கொண்டுபோனார்கள் என்பதற்கு அது சாட்சி. ஆனால் குஷ்டரோகி சுத்திகரிக்கப்படும்போது கேதுருக் கட்டை வேண்டும் என்று லேவியராகமம் பாலைவனத்தில் இருந்த ஜனங்களுக்குக் கட்டளையிடுகிறது. பனிமலையின் மரம் பாலைவனத்தில் ஏது? ஆகையால் அங்கே அதே பெயர் சீனாயில் வளரும் ஜூனிப்பரைக் குறித்திருக்கலாம் என்று சிலர் கருதுகின்றனர். நாமும் அத்தி என்னும் ஒரே சொல்லால் இரண்டு மூன்று மரங்களை அழைக்கிறோம் அல்லவா?

நமக்கு ஒரு பரீட்சை

ஓபீர் நாட்டிலிருந்து ஈராமின் கப்பல்கள் சாலமோனுக்குக் கொண்டுவந்த "அல்முக்" மரம் தமிழராகிய நமக்கு ஒரு பரீட்சை. அதைக்கொண்டு அரசர் தேவாலயத்துக்கு வேண்டிய வேலைகளையும், பாடகர்களுக்குச் சுரமண்டலங்களையும் செய்வித்தார். இது தென்னிந்தியாவின் செஞ்சந்தனமே என்று எழுதியவர் பலர். சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களுக்குள் "துக்கி" என்பது மயிலைக் குறிக்கும் என்றும், அது தமிழின் "தோகை" என்றும் கால்டுவெல் 1856-ம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் எழுதினார். நம் நாட்டு மரமும் நம் மொழியின் சொல்லும் தேவாலயத்தில் இருந்தன என்று கேட்க நமக்கு எவ்வளவு ஆனந்தம்!

ஆயினும் சாட்சிகளைக் கேட்கவேண்டும். நாளாகமம் இரண்டாம் புத்தகம் அம்மரத்தை லீபானிலிருந்தும் அனுப்பும்படி சாலமோன் கேட்டதாய்ச் சொல்கிறது. செஞ்சந்தனம் லீபானில் வளர்வதில்லை. 1929-ம் ஆண்டு முதல் சிரியாக் கடற்கரையில் தோண்டப்பட்ட உகாரித் நகரின் களிமண் ஏடுகளில் இதற்கு ஒத்த மரப்பெயர் அகப்பட்டிருக்கிறது. துக்கி என்பதற்கு எகிப்திய மொழியிலிருந்து வேறு பொருள் சொல்லும் அறிஞரும் உண்டு. ஆகவே "இருக்கலாம்" என்பதற்கு மேல் நாம் சொல்லலாகாது. நமக்குப் பிரியமான விடை என்பதற்காக ஒரு சாட்சியைக் கேட்டு மற்றொரு சாட்சியை வெளியே நிறுத்துவது நீதியன்று. சத்தியமே உருவான ஆண்டவரைச் சேவிக்கிறவர்கள் மரத்தின் காரியத்திலும் உண்மையையே பேசவேண்டும்.

பெயர் சொல்லப்படாத மரம்

பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த மரம் ஒன்று மீதியிருக்கிறது. ஏவை புசித்த கனி எது என்று கேட்டால், "ஆப்பிள்" என்று உடனே விடை வரும். ஆதியாகமத்தைத் திறந்து பாருங்கள். அங்கே கனி என்று மாத்திரம் இருக்கிறது. இலத்தீனில் தீமைக்கும் ஆப்பிளுக்கும் ஏறக்குறைய ஒரே ஓசையுள்ள சொற்கள் இருப்பதாலும், ஐரோப்பியச் சித்திரக்காரர்கள் தங்கள் நாட்டுப் பழத்தை வரைந்ததாலும் இவ்வழக்கம் வேரூன்றியது. உரோமையில் சிக்ஸ்டைன் கோவிலின் கூரையில் மிக்கேல் ஆஞ்சலோ வரைந்த சித்திரத்திலோ அது அத்தி மரம். அந்த அதிகாரத்தில் பெயரோடு சொல்லப்படும் ஒரே மரமும் அத்தியே. பாவம் செய்தவர்கள் வெட்கத்தை மூடிக்கொள்ள அதன் இலைகளையே தைத்தார்கள். இஸ்பிரீத்துசாந்துவின் ஏவுதலால் எழுதினவர் கனியின் பெயரைச் சொல்லாது விட்டார். குற்றம் பழத்தில் இருக்கவில்லை, கீழ்ப்படியாமையில் இருந்தது.

பெற்றோர் சொல்லவேண்டிய விடை

இப்போது பிள்ளையின் கேள்விக்குத் திரும்புவோம். இரண்டு வேதாகமங்களில் இரண்டு மரங்கள் இருந்தால் எது மெய்? மூல ஆசிரியர் ஒரு மரத்தையே எண்ணினார். மொழிபெயர்த்தவர்கள் அதைத் தங்கள் ஜனங்களுக்கு விளங்கவைக்க முயன்றார்கள். சிலர் அருகில் சென்றார்கள், சிலர் தூரத்தில் நின்றார்கள். இதனால் விசுவாச சத்தியம் எதுவும் அசைவதில்லை. பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1943-ம் ஆண்டில் வெளியிட்ட சுற்றுமடலில், மூல மொழிகளையும் பழங்காலச் சான்றுகளையும் நன்கு கற்று வேதாகமத்தை விளக்கும்படி அறிஞர்களை ஊக்கப்படுத்தினார். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-ம் ஆண்டில், மூல நூல்களினின்று தக்க மொழிபெயர்ப்புகள் செய்யப்படவேண்டும் என்று போதித்தது. ஆராய்ச்சிக்குத் திருச்சபை அஞ்சுவதில்லை.

குருத்து ஞாயிறன்று நாம் என்ன செய்கிறோம் என்று எண்ணிப்பாருங்கள். எருசலேம் ஜனங்கள் ஏந்தியது பேரீச்சை ஓலை. நாம் ஏந்துவது பெரும்பாலும் தென்னங்குருத்து. மரம் வேறு, "ஓசான்னா" ஒன்றே. அந்தப் பேரீச்சையைப் பற்றியும் ஓர் அதிசயம் உண்டு. சாக்கடல் ஓரத்து மசாதா கோட்டையில் தோண்டியெடுத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டு பழமையான பேரீச்சை விதை ஒன்று 2005-ம் ஆண்டில் நடப்பட்டு முளைத்தது. அதற்கு மெத்துசலா என்று பெயரிட்டார்கள். சேசுநாதர் காலத்தை ஒட்டிய விதை நம் காலத்தில் இலை விட்டது! நீதிமான் பேரீச்சையைப்போல் செழிப்பான் என்ற கருத்தைச் சங்கீதத்தில் வாசிக்கும்போது இதையும் நினைவுகூரலாம். தேவ வார்த்தையும் அவ்வாறே. எத்தனை நூற்றாண்டு மண்ணில் கிடந்தாலும், நல்ல நிலத்தில் விழுந்தால் அது முளைக்கும். நம் குடும்பம் அந்த நல்ல நிலமாய் இருக்கக்கடவது.

குடும்பத்தில் கேட்டு அறிய

1. ஓயா நகரத்தார் எந்தச் செடியைக் குறித்துக் கலகம் செய்தார்கள்? அந்த அதிகாரத்தின் உண்மையான பாடம் என்ன?

2. ஒரு மரத்தை அடையாளம் காண உதவும் நான்கு சாட்சிகள் எவை?

3. வாக்குத்தத்தப் பெட்டகம் எந்த மரத்தால் செய்யப்பட்டது? எழுபதின்மர் அதை எவ்வாறு அழைத்தார்கள்?

4. ஆமோஸ் காட்டத்திக் காய்களை ஏன் கீறினார்?

5. ஏவை புசித்த கனியின் பெயரை ஆதியாகமம் சொல்கிறதா?

6. இவ்வாரம் அரசர் முதல் ஆகமம் 19-ம் அதிகாரத்தைக் குடும்பமாய் வாசியுங்கள். ரோத்தெம் செடியின் கீழ் கிடந்த எலியாஸைப்போல், மனம் சோர்ந்து நிழல் தேடுகிறவர் நம் தெருவில் யார்? அவருக்கு இவ்வாரம் அப்பமும் தண்ணீரும் கொண்டுபோகக்கூடியவர் நம் வீட்டில் யார்?